நான் வீசிய துணி

எனக்கு எண்பது நடக்கிறது. ஆறு பெற்று ஐந்தை வளர்த்தேன். நாத்தனார் விட்டுப்போன பிள்ளையையும் சேர்த்தால் மறுபடியும் ஆறு. எல்லாரையும் மீன் கூடை சுமந்தே ஆளாக்கினேன், யார் வாசலிலும் போய் நின்றதில்லை. பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு வரைக்கும்தான். என் பெயரை எழுதுவேன், பஸ்ஸில் போர்டு படிப்பேன். அதற்கு மேல் எழுத்து என்னோடு வராது. அதனால் நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். எங்கள் புதுச்சேரிக் கதிர்காமத்தில் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து, கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் சொல்வதை நல்ல தமிழில் எழுதச் சொல்லியிருக்கிறேன். அவரவர் பேசிய பேச்சில் மட்டும் கை வைக்கக் கூடாது.

ஊருக்கெல்லாம் சுதந்திரம் வருஷத்தில் ஒரு நாள். புதுச்சேரிக்கு இரண்டு. ஆகஸ்டில் ஒன்று, பிரெஞ்சுக்காரன் போன நவம்பரில் ஒன்று. நவம்பர் வந்தால் தெருப் பிள்ளைகள் சட்டையில் கொடி குத்திக்கொண்டு வந்து, அன்றைக்கு நீ என்ன பண்ணே ஆயா என்று கேட்கும். கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் ஒளிந்திருந்தேன் என்றால் சிரிக்கும். சிரிக்கட்டும். அந்தக் கொடியைப் பார்த்து எனக்கு எத்தனை பயம் இருந்தது என்று அதுகளுக்கு எப்படித் தெரியும்.

அப்போது எனக்கு எட்டு வயது. வைத்திக்குப்பத்தில் எங்கள் குடிசை கரையை ஒட்டி இருந்தது. ஊர் பிரெஞ்சுக்காரன் கையில். கரையோடு வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் இந்தியா வந்துவிடும். அதை நாங்கள் இந்தியா என்று சொன்னதில்லை, ‘அந்தப் பக்கம்’ என்போம். அந்தப் பக்கம் கொடி ஏற்றிப் பல வருஷம் ஆகியிருந்தது. இந்தப் பக்கம் அதே கொடியை வீட்டில் வைத்திருந்தாலே அடி விழும். ஒரு வீட்டுக்காரன் அந்தப் பக்கம் ஓடிவிட்டான் என்று அவன் குடிசையைக் கொளுத்தியதை நானே பார்த்தேன். கூரை எரிந்த நாற்றம் கருவாட்டு நாற்றத்தையும் மீறிக்கொண்டு நின்றது.

எங்கள் அப்பாவுக்குக் கொடியும் தெரியாது, கட்சியும் தெரியாது. சின்னக் கட்டுமரம் ஒன்று வைத்திருந்தார். ஒண்டியாகவே கடலுக்குப் போவார். அவருடைய பாய் பழைய பாய். மரப்பட்டை வேகவைத்த சாயத்தில் முக்கி முக்கிச் செம்பழுப்பாக இருந்தது, வெயிலில் வெளுத்துக் காவி நிறத்துக்கு வந்துவிட்டது. ஆடிக் காற்றில் பாதிக்கு மேல் கிழிந்துபோனது. புதுத் துணிக்கு வழியில்லை. அம்மா அப்பாவின் வேட்டியை எடுத்து நடுவில் ஒட்டுப் போட்டாள். அதுவும் போதவில்லை. தன் பச்சைச் சேலையில் நைந்துபோகாத பாதியைக் கிழித்து அடியில் வைத்துத் தைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவள் நான்தான். மேலே காவி, நடுவில் வெள்ளை, அடியில் பச்சை. எங்கள் மூன்று பேர் கண்ணுக்கும் அது கிழிந்த பாயாகத்தான் தெரிந்தது.

அந்தப் பாயைக் கட்டிக்கொண்டு அப்பா விடியலில் போனார். இருட்டில் யாரும் பார்க்கவில்லை. வெயில் ஏறிய பிறகு திரும்பி வரும்போதுதான் பார்த்தார்கள்.

நானும் அம்மாவும் கூடையோடு கரையில் நின்றிருந்தோம். எங்கள் கரைக்கு வந்துபோகிற சிப்பாய் ஒருவன் உண்டு. சிவப்புத் தொப்பி வைத்திருப்பான், மீசைக்கு எண்ணெய் போட்டிருப்பான். நம்மூர்த் தமிழன்தான், ஆனாலும் பிரெஞ்சுத் துரையைக் கூப்பிடுகிற மாதிரி ‘முசே’ என்றுதான் கூப்பிட வேண்டும். அன்று இன்னும் சிலரோடு வந்து அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு கடலையே பார்த்தான்.

“கொடி ஏத்திக்கினு எவனோ வரான் பாரு. எவ்ளோ தைரியம். யாரு மரம் அது?”

அம்மா கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்துவிட்டது. நீலக் கடல் மேல் அந்த மூன்று நிறமும் வெயிலில் பளிச்சென்று வந்துகொண்டிருந்தது.

“கண்ணு கூசுது முசே. யாருன்னு தெரியலயே,” என்றாள்.

“கரைக்கு வரட்டும். தோலை உரிச்சாத் தெரிஞ்சிட்டுப் போவுது.”

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் இருப்பவனுக்கு அலையின் முதுகுதான் தெரியும், உடைகிற வாய் தெரியாது. அது கரையில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். அலை பெரிதாக உடைந்தால் பெண்கள் மேட்டில் ஏறி, தலைக்கு மேலே துணியை இப்படியும் அப்படியும் வீசுவார்கள். இங்கே ஏறாதே, தள்ளிப் போ என்று அதற்கு அர்த்தம். அதில் யாரும் விளையாட மாட்டார்கள். பொய்யாக வீசினால் ஓர் உயிர் போகும். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இதைச் சொல்லித்தான் வளர்ப்பார்கள்.

அம்மா அசையவில்லை. அவள் தோள் பக்கத்தில் அந்தச் சிப்பாய் நின்றிருந்தான். நான் கூடைக்கு மேல் கிடந்த சும்மாட்டுத் துணியை எடுத்தேன். யாரும் சொல்லவில்லை. ஓடிப்போய்க் கவிழ்த்துப் போட்ட படகு மேல் ஏறி, இரண்டு கையாலும் வீசினேன். அன்று கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது. ஒரு சின்ன அலைகூட உடையவில்லை. நான் வீசியது முழுப் பொய்.

“என்னாடி பண்றா உம் பொண்ணு?” என்று சிப்பாய் கேட்டது காதில் விழுந்தது.

“அவ அப்பன் எப்ப வருவான்னு ஆடறா முசே. தெனம் பண்ற கூத்துதான்.”

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாய் சட்டென்று சரிந்தது. அப்புறம் இல்லை. காவியும் இல்லை, பச்சையும் இல்லை, மரமும் இல்லை. கடல் மட்டும்தான் இருந்தது.

கரைக்குப் பக்கத்தில் வந்தால்தான் பாயை இறக்குவார்கள். அத்தனை தூரத்தில் இறக்கி நான் பார்த்ததில்லை. அதனால் அது இறங்கியதாக எனக்குத் தோன்றவில்லை. கவிழ்ந்துவிட்டது என்றுதான் தோன்றியது. கையில் துணியோடு படகு மேலேயே நின்றேன்.

சாயங்காலம் குப்பத்து ஆட்கள் தேடப் போனார்கள். திரும்பி வந்தவர்கள் ஒரு துடுப்பை எங்கள் வாசலில் போட்டார்கள். அப்பாவின் துடுப்பு. பிடியில் அவர் கை பட்டுப் பட்டு வழுவழுத்த இடத்தை நான் தடவிப் பார்த்தேன். அத்தை, அப்பாவின் அக்கா, மாரில் அடித்துக்கொண்டு விழுந்தாள்.

மூன்றாம் நாளே அத்தை ஆரம்பித்தாள். “பொட்டை அழிடி. நாலு பேரு என்னா பேசுவாங்க? எந் தம்பி போயி சேந்துட்டான், நீ மஞ்சளும் குங்குமமுமா மினுக்கிக்கினு நிக்கிற.”

“ஒடம்பு கரைக்கு வரட்டும் அண்ணி. அப்பறம் பாத்துக்கலாம்,” என்றாள் அம்மா. அத்தை கேட்கும்போதெல்லாம் இதுதான் பதில். கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

நான்தான் வீசினேன். நான் வீசியதால்தான் அப்பா திரும்பினார், திரும்பும்போதுதான் கவிழ்ந்தது. அதை அம்மாவிடம் சொல்லவே இல்லை. அத்தை வேறு, கடலில் போனவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், விட்டுப்போன பொருளைக் கேட்டுக்கொண்டு வருவார்கள் என்று சொல்லிவைத்திருந்தாள். வாசலில் அப்பாவின் துடுப்பு சாத்தியிருந்தது. அது இருக்கிற பக்கம் திரும்பிப் படுக்க மாட்டேன்.

சிப்பாய் அடிக்கடி வந்தான். அம்மாவை நம்பவில்லை. சட்டைப் பையிலிருந்து பெப்பர்மிட்டு எடுத்து என்னிடம் நீட்டுவான்.

“அப்பன் எங்கம்மா? அந்தப் பக்கம் இருக்கானா? மாமாகிட்ட சொல்லு. ஒண்ணும் பண்ண மாட்டேன்.”

நான் வீறிட்டு அழுவேன். எங்கப்பா செத்துட்டாரு என்று சொல்லிச் சொல்லி அழுவேன். மூச்சு நின்று நின்று வரும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் தலையை வாரிக்கொண்டிருப்பாள். தேற்ற மாட்டாள், கண்ணைத் துடைக்க மாட்டாள். சிப்பாய் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பான், அந்த மிட்டாயை மணலில் வைத்துவிட்டுப் போவான். அவன் தலை மறைந்ததும் அம்மா என்னை மடியில் போட்டு அழுத்திப் பிடிப்பாள். வலிக்கும். அவள் கை வெடவெடவென்று நடுங்கும். நான் துணி வீசியதற்காக அவளுக்கு என் மேல் ஆத்திரம், அதனால்தான் நடுங்குகிறது என்று நினைத்துக்கொள்வேன். சிப்பாய் வருவதைவிட அந்தக் கைக்குத்தான் அதிகமாகப் பயந்தேன்.

அவன் வருவது மெல்ல மெல்லக் குறைந்தது. எங்கள் குடிசையை யாரும் கொளுத்தவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் காலையில் ஊர்ப் பக்கமிருந்து மேளமும் வெடியுமாகச் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். தெரு முழுக்க அந்தக் கொடி. வீட்டுக்கு வீடு, சைக்கிளுக்குச் சைக்கிள், மாட்டுக் கொம்பில்கூட. ஒரு கிழிந்த பாய்க்கே எங்கள் அப்பா போனார். இத்தனை பேரும் இத்தனை கொடியோடு நிற்கிறார்களே, இனி ஊரில் யார் மிஞ்சுவார்கள் என்று அம்மாவைத் தேடி ஓடினேன். கூட்டத்தில் அந்தச் சிப்பாய் நின்றிருந்தான். அதே சிவப்புத் தொப்பி, அதே எண்ணெய் மீசை. சட்டையில் காகிதக் கொடி ஒன்றைக் குத்திக்கொண்டு, எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். என்னையும் பார்த்துச் சிரித்தான். நான் திரும்பி ஓடி அந்தப் படகுக்கு அடியில் நுழைந்துகொண்டேன்.

இடுக்கு வழியாகக் கால்கள் மட்டும் தெரிந்தன. போகிற கால், வருகிற கால். அப்புறம் ஒரு ஜோடிக் கால் வந்து பக்கத்தில் நின்றது. இடது கட்டைவிரலில் நகம் இல்லை. அந்தக் காலை எனக்குத் தெரியும்.

“எங்கடி என் துடுப்பு?” என்று யாரிடமோ கேட்கிற குரல். அதுவும் தெரியும்.

அத்தை சொன்னது அப்படியே நடந்துவிட்டது. நான் போட்ட கூச்சலில் மேளம்கூட நின்றது என்று பிறகு சொல்லிச் சிரிப்பார்கள். ஒரு கை உள்ளே வந்து என் கணுக்காலைப் பிடித்து இழுத்தது. கை சூடாக இருந்தது, பீடி நாற்றமும் மீன் நாற்றமும் அடித்தது. செத்தவர் பீடி குடிப்பாரா என்று யோசித்த பிறகுதான் கண்ணைத் திறந்தேன். அப்பா தாடியும் மீசையுமாக நின்றுகொண்டிருந்தார். அத்தனை நாளும் அந்தப் பக்கத்துக் குப்பத்தில், எங்கள் கரையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், வலை பின்னிக்கொண்டு இருந்திருக்கிறார்.

கொடியோடு வந்தவர்கள் அப்பாவுக்கு மாலை போட்டார்கள். பிரெஞ்சுக்காரன் முன்னாடியே கடலில் கொடி பறக்கவிட்டவர் என்று ஒருவர் மேட்டில் ஏறிப் பேசினார்.

“பாய் கிழிஞ்சுதுங்க. அவ தச்சா,” என்றார் அப்பா. அடக்கமாகப் பேசுகிறார் என்று அதற்கும் கை தட்டினார்கள். அம்மா கூட்டத்துக்குப் பின்னால் தள்ளி நின்றிருந்தாள், நெற்றியில் குங்குமத்தோடு.

நான் துணி வீசியதைப் பற்றி அப்பாவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வயசுக்கு வந்து, கலியாணமாகி, மூத்தவன் பிறந்த பிறகு ஒரு நாள் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பொய்யாக வீசி அப்பாவைத் திருப்பிவிட்டேன், அவர் தப்பியது சாமி புண்ணியம் என்றேன். அவர் வலையிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தார்.

“உங்கப்பனுக்கு இது தெரியாதா? கடலு தட்டு மாதிரி கெடக்கும்போது அலை இருக்குன்னு கரையில துணி வீசுனா என்னா அர்த்தம்? ஆபத்து தண்ணியில இல்ல, தரையிலன்னு அர்த்தம். அதான் பாயை எறக்கிட்டாரு. பாயை எறக்குனா மரம் தண்ணி மட்டத்துக்குக் கெடக்கும், கண்ணுக்குத் தெரியாது.”

எனக்கு உள்ளே ஒரு முடிச்சு அவிழ்ந்தது. அதோடு இன்னொன்று விழுந்தது. அப்பாவுக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும். தேடப் போனவர்கள் அந்தத் துடுப்பை யார் கையிலிருந்து வாங்கி வந்திருப்பார்கள்.

மறுநாளே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். கருவாடு திருப்பிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒனக்குத் தெரியும்தான? அப்பா உசிரோட இருந்தது?”

“தெரியும்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

அவள் ஒரு வரிசையை முழுதாகத் திருப்பி முடித்தாள்.

“நான் அழுதா அவன் நம்ப மாட்டான். ஒங்க அத்தை அழுதாலும் நம்ப மாட்டான். நீ அழுததைப் பாத்துதான் நம்புனான். தெரிஞ்சிருந்தா அப்டி அழுதிருப்பியா நீ?”

எனக்குக் கோபம் வந்தது. எட்டு வயதுப் பிள்ளையை அப்படி அழவிடலாமா என்று கேட்க வாயைத் திறந்தேன். இடுப்பில் இருந்தவன் அந்த நேரம் பார்த்து அழுதான். பசி அழுகைதான். அதையே எனக்குத் தாங்க முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அவனுக்குப் பால் கொடுத்தேன். அம்மா அடுத்த வரிசைக் கருவாட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் அந்தக் கை நினைவுக்கு வந்தது. சிப்பாய் போன பிறகு என்னை மடியில் போட்டு அழுத்திய கை. அது என் மேல் ஆத்திரம் என்று நினைத்தேனே.

போதும்மா, இங்கேயே நிறுத்து. எங்க, மொதல்ல இருந்து ஒரு தடவை படி, கேக்கறேன். எங்கம்மா என் தலைய வார்ற இடம் வந்தா மட்டும் கொஞ்சம் மெதுவாப் படி.