தவக்காலம் முடிந்த மறுநாள்

நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் செவ்வாய்க்கிழமை மாலைதோறும் நான் போகிற கூட்டத்தில், குடிக்காமல் இருந்ததற்காகக் கைதட்டுவார்கள். ஒரு வருடம் தாக்குப்பிடித்தவருக்கு கேக் வெட்டுவார்கள். குடியை விட்ட நாள்தான் அவர்களுக்குப் பிறந்தநாள். இது தெரியாத புதிதில், தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பிரெண்டா என்ற பெண்மணி "உன் பர்த்டே எப்போது?" என்று கேட்க, நவம்பர் என்று நான் அம்மா வயிற்றிலிருந்து பிறந்த மாதத்தைச் சொல்லி வைத்தேன். போன நவம்பரிலிருந்து தொடவில்லை என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். முந்தின நாள்தான் குடித்திருந்தேன். மறுக்க ஆங்கிலம் வராமல் நானும் சிரித்து வைத்தேன்.

அங்கே பெயருக்கு மேல் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்தோணி என்ற நான் டோனி ஆனேன். எந்த ஊர், என்ன வேலை, யார் பிள்ளை என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. அதுதான் அந்தக் கூட்டத்தின் பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பில்தான் நான் பிழைத்தேன், மறுக்கவில்லை. ஆனால் கூட்டம் முடிந்து மழையில் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போனதும், இந்த ஊரில் என்னைத் தெரிந்தவர் யாருமில்லை என்பது உறைக்கும். தனிமை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு அந்த கார் நிறுத்துமிடத்தைத்தான் காட்டுவேன்.

இரண்டாயிரங்களின் நடுவில், அப்பாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்காகத் திண்டுக்கல் போனேன். தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் குடிப்பவர்கள் நிறுத்துவதற்கும் காலம் உண்டு. பழனிக்கு மாலை போட்டவர்கள் மாலை கழற்றும்வரை தொடமாட்டார்கள். கத்தோலிக்கர்களான எங்களுக்கு, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம். அண்ணன் சூசை அதன் முதல் நாளான சாம்பல் புதனிலிருந்து நிறுத்தியிருந்தார். நானும் தொடாததைப் பார்த்து, "வெளிநாடு போயும் தவக்காலத்த விடல பாரு" என்று அண்ணி பெருமைப்பட்டார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சிக்கல் என்னவென்றால், தவக்காலத்துக்கு முடிவு உண்டு. ஒருநாள் அண்ணன் பீரோவைத் திறந்து, சட்டைகளுக்கு அடியிலிருந்த பிராந்தி பாட்டிலைக் காட்டினார்.

"ஈஸ்டர் அன்னைக்கு ரெண்டு பேரும் ஒக்காருவோம்லே. அப்பா போனதுக்கப்புறம் நாம ஒண்ணா ஒக்காரவே இல்ல."

அண்ணனிடம் மாட்டேன் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஒரு கிளாஸ் உள்ளே போனால் திரும்பிவர மாட்டேன் என்பதும் தெரியும். பயந்துபோய் கூட்டம் தேடினேன். திண்டுக்கல்லிலேயே ஒன்று நடந்தது. போனால், வாசலில் எங்கள் பங்குக் கோயிலில் பாடுகிறவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்படியே திரும்பிவிட்டேன். அவர் எதற்கு வந்தாரோ அதற்குத்தான் நானும் வந்தேன் என்பது மண்டையில் ஏறவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை காலையில், வேடசந்தூரில் நம்மை யாருக்குத் தெரியும் என்று பஸ் ஏறினேன். பள்ளிக்கூட அறை ஒன்றில் ஐந்தாறு பேர் குட்டை பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். என் பெயர் அந்தோணி என்று ஆரம்பித்ததும், மில் பஸ் ஓட்டும் முருகேசன் குறுக்கே புகுந்தார்.

"எந்தூரு தம்பி?"

"திண்டுக்கல்."

"திண்டுக்கல்ல யாரு மகன்?"

வெலிங்டனில் இப்படிக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். நான் அப்பா பெயரைச் சொன்னேன்.

"கணக்கு சார் மகனா? அவருகிட்ட எட்டாப்பு படிச்சேன். வீடுகூடத் தெரியுமே, வாசல்ல வாதாமரம் நிக்கும்."

ஆங்கிலத்தில் தயங்காமல் சொல்லிப் பழகிய உண்மை, அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் வந்து உட்கார மறுத்தது. ஈஸ்டரையும் அண்ணனின் பாட்டிலையும் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். தப்பான கூட்டத்துக்கு வந்துவிட்டோம் என்றே வழியெல்லாம் நினைத்தேன்.

மறுநாள் மதியம், கறிக்குழம்பு கொதிக்கிற வாசனைக்கு நடுவே அண்ணன் இரண்டு கிளாஸில் ஊற்றினார். என் கை நீண்டது என்பதையும் எழுதிவிடுகிறேன். அப்போது கேட் திறக்கும் சத்தம் கேட்டது. வெளுத்த சட்டையில் முருகேசன் நின்றார்.

"இந்தப் பக்கம் வந்தேன். சார் வீடாச்சேன்னு எட்டிப் பாத்தேன்."

லீவு நாளில் பஸ் பிடித்து எதற்கு வந்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. அண்ணன் அவருக்கும் ஒரு கிளாஸ் எடுத்தார்.

"நான் குடிக்கிறதில்லங்க."

"தம்பி உங்களுக்கு எப்படிப் பழக்கம்?"

முருகேசன் என்னைப் பார்த்தார். கூட்டத்தில் பார்த்ததை அவர் வெளியே சொல்ல மாட்டார்.

"மீட்டிங்ல பழக்கம்ணே" என்றேன். "குடிய விட்டவங்க மீட்டிங். நான் குடிகாரன்ணே. தவக்காலத்துக்காக நிறுத்தல."

அண்ணன் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். "எது வரைக்கும்?" என்றார்.

"இன்னைக்கு வரைக்கும்ணே. நாளைக்கு மறுபடி பாக்கணும்."

அவர் பாட்டிலையும் கிளாஸ்களையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பீரோவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அன்றைக்கு அவர் எங்களோடு சாப்பிட உட்காரவில்லை. நான் வெலிங்டனுக்குக் கிளம்பும்வரை அந்தப் பேச்சையும் எடுக்கவில்லை. முருகேசன்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். வீடு தெரிந்திருந்ததால் வர முடிந்தது அவரால். வெலிங்டனில் என்னைத் தேடி அப்படி யாரும் வந்திருக்க முடியாது.

திரும்பி வந்த பிறகு முதல் செவ்வாய்க்கிழமை, அதே அறை, அதே பிஸ்கட் தட்டு. என் முறை வந்தபோது எழுந்து, "ஐ ஆம் அந்தோணி" என்றேன். யாரும் கேட்காமலேயே, ஊர் திண்டுக்கல், கணக்கு வாத்தியார் மகன், வாசலில் வாதாமரம் நிற்கும் என்பதையும் ஆங்கிலத்தில் சேர்த்துச் சொன்னேன்.

"ஹாய் டோனி" என்றார்கள், எல்லோரும் ஒரே குரலில்.