பொல்லடிக்குப் பின்னால் நடந்த எஞ்சினியர்

அந்த எண்ணம் எனக்கு வந்தது ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தில். மாப்பிள்ளைக்கோ அவசரம். முன்னால் பொல்லடிக்காரர் வட்டமாகச் சுற்றிக் கம்போடு கம்பு தட்டி, பாடிப் பாடி ஆமைபோல நகர்கிறார்கள். முந்திப் போனால் மரியாதைக்குக் கேடு, மண்டைக்கும் கேடு. மாலையைப் போட்டு இவர்களுக்குப் பின்னால் விட்டுவிட்டால், எப்பேர்ப்பட்ட அதிகாரியும் கடைசிவரை பாட்டைக் கேட்டுத்தானே ஆகவேண்டும்!

எண்பதுகளின் தொடக்கம் அது. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். கை சும்மா இருக்க மறுத்தது. வாப்பாவின் தம்பியான என் சாச்சாவின் வயல் வாய்க்காலின் கடைசியில் கிடந்தது. பயிர் குடலைப் பருவம். கதிர் தள்ளப்போகிற அந்த நேரத்தில் தண்ணீர் இல்லையென்றால் வைக்கோல்தான் மிச்சம். மேல்வயல்காரர் வாய்க்காலை மறித்துக் கட்டியிருந்தார்கள். எஞ்சினியரிடம் முறையிடப் போனால், கந்தோரில் "ஐயா வயல் பாக்கப் போயிட்டாரு" என்பார்கள். வயலில் தேடினால், "ஐயா கந்தோரில."

அந்த நீர்ப்பாசன எஞ்சினியர்தான் எங்கள் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குப் பிரதம அதிதி என்று தெரிந்ததும், பொல்லடிக் குழுவை நடத்தும் அண்ணாவியாரிடம் ஓடினேன். சாச்சாவும் அந்தக் குழுவில் ஆடுகிறவர்தான்.

"வாற மனிசன றோட்டுல வச்சி ஏசுறதா? போ மனெ!" என்றார் அண்ணாவியார், என் எண்ணத்தைக் கேட்டதும்.

"ஏசத் தேவல்ல. ஆளாளுக்கு அவங்கட கதய வரவேற்புப் பாட்டுல சொல்லட்டும்."

அண்ணாவியார் தாடியைச் சொறிந்தார். அவருடைய வயலுக்கும் அதே வாய்க்கால்தான். "மரியாத மட்டும் குறையப்படா," என்றார்.

அன்றைக்கு எஞ்சினியரைச் சந்தியில் இறக்கி, மாலை போட்டு, அவருடைய ஜீப்பை முன்னதாகவே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டோம். முதல் ஆள் தன் வயல் வெடித்த கதையைப் பாடினார். எஞ்சினியர் கலையை ரசித்துத் தலையாட்டினார். அடுத்தவர், கந்தோர் வாங்குப்பலகையில் காத்திருந்து காத்திருந்து தான் தூங்கிப்போன கதையைப் பாடினார். தலையாட்டம் நின்றது.

சாச்சாவின் முறை வந்தது. எஞ்சினியர் முகத்தைக் கண்டதும் மனிசன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "வருக, வருக" என்று பழைய பாட்டையே இழுக்கத் தொடங்கினார்.

பக்கத்தில் போய் இடுப்பில் கிள்ளினேன். "சாச்சா! குடலப் பயிரு!"

அவ்வளவுதான்:

"வந்தாருக்குக் கால்கழுவ வார்க்க ஆசை ஐயா,
வாய்க்காலில தண்ணியில்ல, என்ன செய்வேன் ஐயா!"

குழு வழக்கப்படி அதை இரண்டு தரம் திருப்பிப் பாடியது. சனமும் சேர்ந்துகொண்டது.

எஞ்சினியர் வியர்வையைத் துடைத்தபடி என் பக்கம் குனிந்தார். "தம்பி, இன்னும் எவ்வளவு தூரம்?"

"கிட்டத்தான் சேர். ஆனா சாச்சாட கதை இன்னும் முடியல்ல."

"சரி, சரி! நாளைக்குக் காலையில வந்து பாக்கிறன்!"

அண்ணாவியார் தாளத்தை நிறுத்தவில்லை. "ஐயா, பின்னுக்கு நிக்கிற சனத்துக்குக் கேக்கல்லயாம்."

எஞ்சினியர் கத்திச் சொன்னார். குழு அதையும் இரண்டு தரம் பாடியது.

ஊரே பாடிய வாக்கை எப்படி விழுங்குவது? மறுநாள் வந்து வாய்க்கால் நெடுக நடந்தார், மறிப்புகளை வெட்டிவிடச் செய்தார். அஸர் தொழுகைக்கு முன் சாச்சாவின் வயலில் தண்ணீர் ஏறியது. ஒரு மூலை ஏற்கெனவே கருகியிருந்தது, மற்றது பிழைத்தது.

செய்தி கந்தோர்களுக்கும் பரவிவிட்டது. வாசிகசாலை திறக்க வரவிருந்த பஸ் டிப்போ அதிகாரி, "பொல்லடி வேணாம், ஜீப்பிலயே மேடைக்கு வாறன்" என்று சொல்லி அனுப்பினார். நான் சோர்ந்துபோனேன். சாச்சி சிரித்தா.

"உங்கட தண்ணி வந்துட்டு. ஆசுபத்திரிக்குப் போற பஸ்ஸு பொம்புளயளக் கண்டா நிக்காமப் போகுதே, அத ஆரு கேக்குற? வரட்டும் அவரு. நாங்க வெத்தில வட்டாவோட முன்னுக்கு நிப்பம். நீட்டுற வெத்திலய வேணாண்டு சொல்ல ஏலுமா? வாயில வெத்தில இருந்தா மறுத்துக் கதைக்கத்தான் ஏலுமா?"

அடுத்த நாள் லுஹர் தொழுகைக்குப் பின் எங்கள் முற்றத்தில் ஒத்திகை. காய்ச்சல்காரப் பிள்ளையோடு வெயிலில் பஸ்ஸுக்குக் கை காட்டிய கதையைச் சாச்சி தொடங்கினா. அயல்வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு வெற்றிலைத் தட்டோடு தொடர்ந்தார்கள். டிப்போ அதிகாரியாக வாய் நிறைய வெற்றிலையோடு கதிரையில் இருந்தவன் நான்.