பன்னிரண்டாவது வரிசை, ஏழாவது சீட்

கால்பந்து மைதானத்து கேலரியில் சாப்பாட்டுப் பையைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டுத்தான் அவர் உட்காருகிறார். முந்தி வந்தவருக்குத்தான் இடம் என்பதால் ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுவார். யாராவது கேட்டால், "ஆள் வருது." ஆட்டம் முடியும்வரை அங்கே பைதான் உட்கார்ந்திருக்கும்.

லேத் பட்டறைக்காரர். இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. மைதானத்தில் எல்லோருக்கும் அவர் 'மைக்' அண்ணன். அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நடுவர் கிடையாது. முன்பெல்லாம் பெண்கள் கால்பந்து என்றால், "அதெல்லாம் ஒரு ஆட்டமா" என்பார். இத்தனைக்கும் மகள் அப்போது பள்ளி அணியின் கோல்கீப்பர்.

ஆறு வருடங்களுக்கு முன், ஆண்கள் ஆட்டமொன்றில் எங்கள் கோல்கீப்பர் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டார். "போய் வளையல் மாட்டிக்கடா" என்று மைக் முழங்கியது. மொத்த கேலரியும் சிரித்தது. பக்கத்தில் இருந்த மகள் மட்டும் எழுந்து போனாள். அதன்பின் அவள் கையுறையைத் தொடவில்லை. இப்போது வேறு ஊரில் வேலை. போனில் பேசுவது அம்மாவிடம் மட்டும்.

சிரித்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன். அந்த வாரம்தான் வகுப்பில் சமத்துவம் பற்றிக் கட்டுரை வாசித்துக் கைதட்டல் வாங்கியிருந்தேன். அந்தச் சிரிப்பு எனக்குள் எங்கே இருந்தது என்று இன்னும் தேடுகிறேன்.

இப்போது பெண்கள் ஆட்டம் ஒன்றையும் அவர் தவறவிடுவதில்லை. கோல் வாங்கிய பெண்ணுக்கு மட்டும் தணிந்த குரலில், "விடும்மா, அடுத்தத புடிச்சிடலாம்." மைக்கில் பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று பழைய கூட்டாளிகள் கிண்டல் செய்கிறார்கள். சிரித்துக்கொள்கிறார்.

ஒருமுறை போனை என்னிடம் நீட்டினார். "படிச்சவன் நீ. அவளுக்கு நல்லதா நாலு வார்த்த எழுதிக் குடு." எழுதினேன். மன்னிப்பு, வருத்தம் எல்லாம் அழகாகவே வந்திருந்தன. எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அழித்தார்.

"இதுல நீதான்ப்பா இருக்க."

பிறகு ஒற்றை விரலால் தட்டினார்: மூணாவது கேட், 12வது வரிசை, 7வது சீட். அன்று அவள் எழுந்து போன இடம். அதுமுதல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இதே செய்திதான் போகிறது. இரண்டு நீலக் குறிகள் விழும், பதில் வராது. "பாத்துட்டா" என்று என்னிடம் காட்டுவார்.

போன ஞாயிறு பெண்கள் இறுதிப்போட்டி. ஒரு காலத்தில் காக்கை மட்டும் உட்கார்ந்திருந்த கேலரியில் கால்வைக்க இடமில்லை. இடைவேளையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றார். "இங்க யாராச்சும் வராங்களாண்ணே?"

மைக் அண்ணன் கேட்டைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பிறகு எழுந்து, "நீ இங்க உக்காரும்மா" என்று தன் இடத்தைக் காட்டினார். இரண்டாம் பாதி முழுக்க, ஏழாவது சீட்டில் இருந்த பையின் காதை ஒரு கையால் பிடித்தபடி, ஓரத்துப் படியில் நின்றே பார்த்தார்.