மஞ்சள் நூல் கட்டிய சேவல்

யாரும் உருளைக்கிழங்கு வேகவைக்காத பகல் வேளையில் கொல்லைப்புறத்திலிருந்து உருளைக்கிழங்கு வேகும் வாசனை வந்தால், அம்மா கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு என்னை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்துவார். பாம்பு வாயைத் திறந்தால் அந்த வாசனை வரும் என்பது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லாரும் நம்பிய விஷயம். எனக்குப் பத்து வயதான அந்த வருடம் முழுக்க அந்த வாசனை எங்கள் வீட்டைவிட்டுப் போகவே இல்லை என்றுதான் இன்றும் தோன்றுகிறது.

புக்கிட் செலம்பாவ் பக்கம் எங்கள் தோட்டத்தில் வயதான ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட வருடம் அது. இயந்திரங்கள் மண்ணைப் புரட்டப் புரட்ட, அதில் குடியிருந்தவை எல்லாம் கிளம்பி வந்தன. குவித்துப் போட்ட மரங்களுக்குள் எலி பெருகியது, எலியைத் தேடிப் பாம்பு வந்தது, எலியைவிட எங்கள் கோழி கொழுப்பாக இருப்பதைப் பாம்பு சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டது. பழைய பலகையும் தகரமும் கொண்டு அப்பா அடித்த கோழிக்கூண்டை மலாய்க்காரர்களைப் போல் நாங்களும் "ரெபான்" என்றுதான் சொல்லுவோம். ஒரு நாள் காலையில் திறந்தால் முட்டையிடும் பெட்டை இரண்டைக் காணோம். மூலையில் வயிறு புடைத்த மலைப்பாம்பு ஒன்று, நுழைந்த ஓட்டை வழியே வெளியேற முடியாமல் சுருண்டு கிடந்தது. மலாய்க் கிராமமான பக்கத்துக் கம்பத்து ஆட்கள் வந்து சாக்கில் போட்டு எடுத்துப் போனார்கள். வலையை மாற்றினோம், ஓட்டைகளை அடைத்தோம், சுற்றிலும் கந்தகத் தூள் தூவினோம். அடுத்த மழை கந்தகத்தைக் கரைத்துக்கொண்டு போனதுதான் மிச்சம்.

இத்தனைக்கும் நடுவில் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். சுங்கை லாலாங் சாலையில் லோரி மோதி, மோட்டார்சைக்கிளோடு கால்வாயில் விழுந்தவர். வலது கால் நசுங்கிச் சீழ் வைத்துவிட்டது, விஷம் ரத்தத்தில் ஏறுகிறது, எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்ன அன்று, அம்மா நேராகத் தோட்டத்து எல்லையில் இருந்த முனியாண்டி கோயிலுக்குப் போனார். "அவர உசுரோட வீட்டுக்கு அனுப்பு, திருவிழாவுக்கு ஒனக்குச் சேவல் குடுக்குறேன்" என்று வேண்டிக்கொண்டு வந்து, எங்கள் கூண்டிலிருந்த செஞ்சேவலைப் பிடித்து அதன் காலில் மஞ்சள் நூல் கட்டினார். நூல் கட்டிவிட்டால் அது சாமியுடையது. அதை விற்கக் கூடாது, வீட்டுக்கு அறுக்கக் கூடாது, அதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கவும் கூடாது. திருவிழாவுக்கு ஏழு வாரம் இருந்தது. அப்பாவின் உயிர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இல்லை, கொல்லைப்புறத்தில் கூவிக்கொண்டிருக்கிறது என்பதுபோல்தான் அம்மா அன்றிலிருந்து நடந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து நாகம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை நடுப்பகல், கூண்டு வாசலில் படம் எடுத்து நின்றதை அடுத்த வீட்டு மணியம் அண்ணன்தான் முதலில் பார்த்தார். அவர் பாராங் கத்தியை ஓங்கிக்கொண்டு ஓடிவர, அம்மா குறுக்கே போய் நின்றார்.

"அக்கா, தள்ளுங்க லா! கடிச்சா கத முடிஞ்சிரும்!"

"வெள்ளிக்கெழம வந்துருக்கு தம்பி. ஆத்தாதான் வந்துருக்கா. இந்த நேரத்துல அவ மேல கை வச்சா அவருக்கு என்னா ஆவும்?"

மலைப்பாம்பைப் பிடிக்கச் சாக்கைத் தேடி எடுத்துக் கொடுத்த அதே அம்மாதான். ஆனால் நாகம் வேறு, அது அம்மன். மணியம் அண்ணன் பாராங்கை இறக்கினார், பாம்பு நிதானமாகக் கூண்டின் அடியில் நுழைந்துகொண்டது. அம்மா ஒரு சிரட்டையில் பாலும் பக்கத்தில் ஒரு முட்டையும் வைத்துக் கும்பிட்டார். மறுநாள் முட்டை இல்லை. அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கு இரண்டு முட்டை வைத்தார். பாம்புக்குக் கிழமை தெரியாது, முட்டை கிடைக்கும் இடம் தெரியும். செவ்வாயும் வந்தது, புதனும் வந்தது. "விருந்து வச்சில்ல கூப்புடுறீங்க" என்று மணியம் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொன்னது எனக்கும் புரிந்தது. ஆனால் அப்பா அப்படிக் கிடக்கும்போது அம்மனை விரட்டு என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, காலையில் நான்தான் போய்க் கூண்டைத் திறந்தேன். சேவல் செத்துக் கிடந்தது. பாம்பு அதைத் தின்றிருக்கவில்லை. விழுங்க முடியாத அளவுக்கு அது பெரியது. முட்டைக்கு வந்த பாம்பைக் கொத்தப் போயிருக்கும், ஒரே கடி. கழுத்து கறுத்துப் போயிருந்தது. மஞ்சள் நூல் காலில் அப்படியே இருந்தது.

அம்மா கொஞ்ச நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மண்வெட்டியை எடுத்து, கூண்டைப் பலகை பலகையாக இடித்துத் தள்ளி, அடிமண்ணைத் தோண்ட ஆரம்பித்தார். "பால் வச்சேனே, முட்ட வச்சேனே, என் புருசன் உசுருதான் ஒனக்குக் கெடச்சிச்சா?" என்று கேட்டுக்கொண்டே தோண்டினார். கோழிகள் லயம் முழுக்கச் சிதறி ஓடின. பாம்பு அங்கே இல்லை, அது உரித்துப்போட்ட சட்டைதான் கிடந்தது. வேறு சேவல் கொடுத்துவிடலாம் என்று மணியம் அண்ணன் மெதுவாகச் சொன்னார். "நேந்தது இதத்தான். மாத்திக் குடுக்க முனி என்னா கடையா வச்சிருக்கு?" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அம்மா வார்டு வாசலிலேயே நின்றுவிடுவார். அப்பா கட்டிலில் இருக்கிறாரா என்று பார்த்துவர என்னைத்தான் முதலில் உள்ளே அனுப்புவார். கட்டில்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே நடப்பேன். எனக்கு அம்மாமேல் வந்த கோபத்தை அன்று யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா இருந்தார். ஒவ்வொரு நாளும் இருந்தார். காய்ச்சல் விட்டது, கால் பிழைத்தது, திருவிழா முடிந்த இரண்டாம் வாரம் தடி ஊன்றிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கொல்லைப்புறத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "சேவல முனிக்குக் குடுத்தாச்சா?" என்று கேட்டார்.

"குடுத்தாச்சுங்க" என்றார் அம்மா, என் பக்கம் திரும்பாமல். நானும் தலையாட்டினேன்.

அந்த லயம் இப்போது இல்லை. இடித்துத் தள்ளி அங்கும் செம்பனை நட்டுவிட்டார்கள். முனியாண்டி கோயில் இருந்த இடத்தை என்னால் அடையாளம் காண முடியவில்லை. சுங்கைப் பட்டாணியில் நாங்கள் குடியேறிய தாமான் குடியிருப்பு வீட்டுக்குக் கொல்லைப்புறம் என்று இருப்பது நான்கடிச் சிமெண்டுத் தரை. என் பிள்ளைகளுக்குப் பாம்பு என்றால் கைப்பேசியில் ஓடும் படம்தான். அப்பா அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் இருந்தார். தொழிற்சாலையில் காவலாளியாக வேலை பார்த்தார், எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார், பேரப்பிள்ளைகளை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றினார். போன வருடம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வயது எழுபத்திரண்டு, மாரடைப்பு என்றார் டாக்டர். வந்தவர்கள் எல்லாரும் நல்ல சாவு என்று ஆறுதல் சொன்னார்கள். அம்மா என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்:

"மாரடைப்பு இல்லடி. அந்தச் சேவல்."