ஜெசிந்தா அக்காவுக்குக் கேட்காத சிவப்பு

எங்கள் கிளியரிங் அலுவலகத்தில், சுங்கத் துறை நிறுத்தி வைத்த கண்டெய்னர்களுக்கு நேரே ஆன்லைன் ஷீட்டில் ‘நிறுத்து’ என்று எழுதுவோம். போன வாரம் நான் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, கட்டத்தைச் சிவப்பாக்கினேன்.

ஜெசிந்தா அக்காவுக்குப் பார்வை இல்லை. கம்ப்யூட்டர் வாசிப்பதை ஹெட்போனில் கேட்டுத்தான் லாரிகளை அனுப்புவார். இன்று, நிறுத்தி வைத்த கண்டெய்னருக்கு லாரி போய்விட்டது.

“ஏளா, செவப்பு போட்டிருக்குல்லா? இனிமே லாரி வேல ஒனக்கு வேண்டாம்” என்றார் மேலாளர்.

“அண்ணாச்சி, கம்ப்யூட்டர் எழுத்தத்தான் வாசிக்கும். கலர எப்படி வாசிக்கும்? எட்டு வருசமா ஒரு லாரி தப்பாப் போயிருக்கா?” என்றார் அக்கா.

“தப்பு என்னுடையது” என்றேன்.

லாரி வேலை அக்காவிடமே இருக்கிறது. எழுத்துகளைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

புது ஷீட் அழகாக இருக்கிறதா என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் கேட்டிருந்தேன். அவரைத் தவிர.

நீங்கள் யாரிடம் கேட்கவில்லை?