கம்பெனி பஸ்ஸில் இங்கிலாந்து

அந்தப் புத்தகத்தின் அட்டையில் ஒரு பெண் நின்றிருந்தாள். பச்சைப் பட்டுக் கவுன், கழுத்தில் முத்து மாலை, இடுப்பருகே கோத்த கைகள். கழுத்தோடு படம் முடிந்துவிட்டது, தலை இல்லை. சூளகிரியில் ஏறிய ஸ்டோர்ஸ் சார் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும், பின்சீட்டு அசெம்பிளிப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "சார், இந்தம்மாவுக்குத் தலை எங்கீங்க சார்?" என்று ஒருத்தி கேட்டாள். "கதையில வெட்டிடுவாங்கம்மா. அட்டை போட்டவன் முன்னாடியே எடுத்துட்டான்" என்றார் அவர், சிரிக்காமல். பஸ் ஓசூர் போய்ச் சேர்வதற்குள் அந்த ராணி யார், ராஜாவுக்கு அவள் மேல் ஏன் மனம் கசந்தது என்பதெல்லாம் டிரைவர் நீங்கலாக எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டிரைவருக்கும் தெரிந்திருக்கலாம். வேப்பனப்பள்ளிக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அவர் காதில் எதுவும் ஏறுவதில்லை என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஓசூர் சிப்காட்டில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில் நான் எச்.ஆர். ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். கிருஷ்ணகிரியில் கம்பெனி பஸ் ஏறினால் சூளகிரி வரைக்கும் எல்லோரும் தூங்குவோம். வாயைப் பிளந்துகொண்டு, பக்கத்து ஆள் தோளில் சாய்ந்துகொண்டு தூங்குகிற தூக்கம் அது. சூளகிரியில் ஸ்டோர்ஸ் சார் ஏறியதும் பஸ் விழித்துக்கொள்ளும். கம்பெனியின் ஸ்டோர்ஸ் அவர் பொறுப்பு, ஊர் புதுக்கோட்டைப் பக்கம். ஒடிசலான ஆள், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. மாதம் ஒருமுறை பெங்களூர் போய் நடைபாதைக் கடைகளில் தடித்தடியான ஆங்கில நாவல்களை வாங்கி வருவார். எல்லாமே இங்கிலாந்தின் பழைய காலத்தை வைத்து எழுதியவை. வேறு எதையும் அவர் படித்து நான் பார்த்ததில்லை. ஏன் அந்த நாட்டுக் கதையே என்று கேட்டதற்கு, "நம்ம ராஜா கதைன்னா ஆளாளுக்குச் சண்டைக்கு வருவான். இவங்க ராஜாவை என்ன சொன்னாலும் கேக்கறதுக்கு நாதி இல்ல பாரு" என்றார்.

அவர் கதை சொல்வதில் நடிப்பெல்லாம் இருக்காது. ஸ்டாக் விவரம் சொல்கிற குரலிலேயே சொல்வார். வடக்கே குளிரில் நடுங்கிக்கொண்டு சுவர் கட்டிய ரோமாபுரிச் சிப்பாயின் கதை ஒரு மாதம் ஓடியது. கடல் தாண்டி வந்த பிரபுக்கள் ஒரு பாஷையும் வயல்காரர்கள் ஒரு பாஷையுமாகப் பேசிய காலத்துக் கதை வந்தபோது பஸ்ஸில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. வீட்டில் கன்னடம், கடையில் தமிழ், மேனேஜர் முன்னால் இங்கிலீஷ் என்று நாங்கள் வாழ்ந்துகொண்டிருந்ததும் அப்படித்தான். ஒரே தொல்லை, டிவி சீரியல் பழக்கத்தில் எங்கள் பெண்கள் எல்லா நாவல்களையும் ஒரே கதை என்று நினைத்துக்கொண்டார்கள். தலை வெட்டுப்பட்ட ராணியின் கதை உச்சத்தில் இருக்கும்போது ஒருத்தி, "அந்தச் சொவுரு கட்டுன பையன் என்னா ஆனான் சார்? அவன் வந்து காப்பாத்த மாட்டானா?" என்று கேட்டாள். "அவன் செத்து ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சும்மா" என்றார் சார். அவள் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சானமாவுக் காட்டுப் பக்கம் யானை ரோட்டுக்கு வந்துவிட்டது என்று வண்டிகளை நிறுத்தி வைத்தால் மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள். எங்கள் பஸ்ஸில் மட்டும் சந்தோஷம். ஒரு அத்தியாயம் கூடுதலாகக் கிடைக்கும்.

ஒரு பிடிவாதம் அவருக்கு உண்டு. புத்தகத்தில் இருப்பதை மாற்றமாட்டார். ராணியைக் காப்பாற்றச் சொல்லிப் பெண்கள் கெஞ்சியும் அவர் இறங்கி வரவில்லை. "என் கைச்சரக்கு எதுவும் சேக்க மாட்டேன்மா. பெட்டியில என்ன வந்துச்சோ அதைத்தான் கணக்குல ஏத்துவேன்" என்பார். அவருக்குக் கதையும் ஸ்டோர்ஸ்தான்.

வில்லங்கம் மில் கதையில் வந்தது. துணியின் மேல் எழும் பிசிறை ஆளுயரக் கத்திரியால் வெட்டிச் சமன் செய்கிற தொழிலாளிகள். அவர்களுக்குப் பதிலாக அந்த வேலையைச் செய்ய மில் முதலாளி இறக்கிய மெஷின்கள். முகத்தில் கரி பூசிக்கொண்டு சம்மட்டியோடு போய் அந்த மெஷின்களை உடைக்கிற கூட்டம். அந்தக் கூட்டத்தின் தலைவன் பெயர் தாமஸ். இந்தக் கதையை சார் ஆரம்பித்த அதே வாரம் எங்கள் கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்து கம்ப்யூட்டரில் இயங்கும் மெஷின்கள் மரப்பெட்டிகளில் வந்து இறங்கின. கையெழுத்துப் போட்டு வாங்கி, மழை படாமல் தார்ப்பாய் போர்த்தி வைத்தவர் ஸ்டோர்ஸ் சார்தான். மெஷின் ஷாப்பில் பாதிப் பேரை வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வு என்ற பெயரில் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சு அடிபட ஆரம்பித்திருந்தது. லேத்தில் இருபது வருடமாக நிற்கிற பாய் ஒருவர் எங்கள் பஸ்ஸில் வருவார், கிருஷ்ணகிரி பழையபேட்டைக்காரர். அதுவரை ஜன்னலோரம் கண்ணை மூடி வந்தவர், தாமஸ் கதை தொடங்கியதும் சாருக்குப் பின்சீட்டுக்கு மாறி உட்கார்ந்துகொண்டார்.

ஒருநாள் காலையில் மரப்பெட்டி ஒன்றின் மேல் சாக்பீஸால் பெரிதாக எழுதியிருந்தது: "தாமஸ் வருவான்." யார் எழுதியது என்று கடைசி வரை தெரியவில்லை. விளையாட்டுத்தான் என்று எங்களுக்குத் தெரியும். நிர்வாகத்துக்குத் தெரியுமா? கம்பெனியில் இருந்த ஒரே தாமஸ், கேண்டீனில் டீ போடுகிற மலையாளி. செக்யூரிட்டிகள் அவரைக் கூட்டிவந்து எங்கள் ஆபீஸில் நிறுத்தினார்கள். "ஞான் எந்து செய்து சாரே" என்று அவர் அழாத குறை. அன்றைக்கு கம்பெனி முழுவதும் டீ தாமதம். மத்தியானத்துக்குள் உண்மையான தாமஸ் இங்கிலாந்தில் இருக்கிறான், அவனை ஓசூருக்கு அழைத்து வந்தது ஸ்டோர்ஸ் சார் என்பது வெளியே வந்துவிட்டது.

எச்.ஆர். மேனேஜர் அவரைக் கூப்பிட்டார். அதே அறையில் என் மேஜை, அதனால் எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. நாவல் மேனேஜரின் மேஜை மேல், சாட்சிப் பொருள் மாதிரி கிடந்தது. தொழிலாளர்களைத் தூண்டிவிட்டதாக சஸ்பென்ஷன் மெமோவை நான் ஏற்கெனவே டைப் செய்து வைத்திருந்தேன். சொன்னதை டைப் செய்வதுதானே என் வேலை. சாரின் மகள் அந்த வருடம்தான் சேலத்தில் காலேஜ் சேர்ந்திருந்தாள். அவருக்கு இந்த வேலை இன்னும் சில வருடங்களுக்காவது வேண்டும் என்பது எனக்குத் தெரியும், மேனேஜருக்கும் தெரியும்.

"கடைசியில என்ன ஆகுது?" என்று மேனேஜர் திடீரென்று கேட்டார்.

"தாமஸையும் கூட இருந்தவங்களையும் தூக்குல போட்டுடறாங்க சார்."

மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்தார். முகமே மாறிவிட்டது. "பிரமாதம். இதை ஏன் இன்னும் சொல்லல? நாளைக்குக் காலையில சொல்லிடுங்க. மெஷின்ல கை வச்சவனுக்கு என்ன கதி ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியட்டும். நீங்க சொல்லிட்டீங்கன்னா இந்த மெமோவே வேண்டாம்."

சார் நாவலை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். சாயங்காலம் கேட் பக்கம் அவரைப் பிடித்தேன். "ஒரே ஒரு தடவை மாத்திச் சொல்லிடுங்க சார். தாமஸ் கப்பல் ஏறித் தப்பிச்சுட்டான்னு சொல்லுங்க. இல்லாட்டி இன்னும் படிச்சு முடிக்கலன்னு சொல்லுங்க" என்றேன்.

"தப்பிச்சுட்டான்னு சொன்னா, தொங்கினவனுக்கு யாரும்மா பதில் சொல்றது?" என்றார். "உள்ளபடி சொன்னா நான் ஆபீஸோட அடியாள். பாய் முகத்தைப் பாத்து எப்படிச் சொல்லுவேன்? சொல்லலன்னா வீட்டுக்குப் போகணும்." அவ்வளவுதான். பஸ்ஸில் அன்று மாலை கதை இல்லை. சாரை ஆபீஸில் கூப்பிட்டது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலை கிருஷ்ணகிரியிலிருந்தே யாரும் தூங்கவில்லை. சூளகிரியில் சார் ஏறினார், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார், சொல்ல ஆரம்பித்தார். எதையும் குறைக்கவில்லை, கூட்டவில்லை. தாமஸைக் காட்டிக்கொடுத்தவன் அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன் என்பதைச் சொன்னார். விசாரணை சீக்கிரம் முடிந்தது. தூக்குமேடையைச் சுற்றிக் குதிரைப்படை நின்றது. ஊர்ஜனம் கூடி நின்று தாழ்ந்த குரலில் பாட்டுப் பாடியது. தாமஸின் மனைவி கடைசி வரை தலையைக் குனியவில்லை. பின்சீட்டில் ஒருத்தி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கதை முடிஞ்சுது" என்றார் சார். பிறகு அதே குரலில், "இந்த முடிவை இன்னிக்கே சொல்லணும்னு ஆபீஸ்ல கேட்டுக்கிட்டாங்க. புத்தகத்துல இருக்கறதும் இதுதான். அவங்க கேட்டுக்கிட்டதையும் சேத்துச் சொன்னாத்தான் கணக்கு சரியா வரும். அதனால சொல்லிட்டேன்" என்றார்.

பஸ் பேரண்டப்பள்ளியைத் தாண்டிக்கொண்டிருந்தது. பாய்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அந்த மெஷினுங்க இப்ப ஓடுதா சார்?"

"இல்ல பாய். மில்லையே மூடிட்டாங்க. மெஷினை மியூசியத்துல வச்சு, டிக்கெட் போட்டுக் காட்டறாங்க."

"அப்ப துணிக்கு என்னா பண்றாங்க?"

"நம்ம திருப்பூர்லேர்ந்து போகுது."

பாய் முதலில் சிரித்தார். பிறகு பஸ்ஸே சிரித்தது. எதற்குச் சிரித்தோம் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அழுதுகொண்டிருந்தவளும் சேர்ந்துதான் சிரித்தாள். வேலை போய்விடுமோ என்றிருந்த நாற்பது ஐம்பது பேர் சிரித்துக்கொண்டே கம்பெனி வாசலில் இறங்கியதைப் பார்த்து செக்யூரிட்டி பயந்துபோனான்.

மேனேஜரும் சந்தோஷமாகத்தான் இருந்தார், டீ வருகிறவரை. சார் சொன்னதன் பின்பகுதி அவர் காதுக்குப் போனதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். சஸ்பென்ஷன் கொடுத்தால் யூனியன் பிடித்துக்கொள்ளும் என்று யாரோ அறிவுரை சொல்லியிருக்க வேண்டும். மெமோவைக் கிழித்துப் போட்டுவிட்டு, வி.ஆர்.எஸ்ஸின் முதல் பட்டியலில் ஸ்டோர்ஸ் சாரின் பெயரைச் சேர்க்கச் சொன்னார். பாயின் பெயர் ஏற்கெனவே இருந்தது. இரண்டு பேரும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டார்கள். சார் என்னிடம் பேனா கேட்கவில்லை, அவர் பையிலிருந்ததை எடுத்துக்கொண்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த மேனேஜரின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை முழுதாக ஆறவில்லை.

சாரின் கடைசி நாள் சாயங்காலம். மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், எவர்சில்வர் குடம் ஒன்று கொடுத்தார்கள். பஸ் கிளம்பியதும் குடத்தைக் காலடியில் வைத்துவிட்டுப் பையிலிருந்து ஒரு புது நாவலை எடுத்தார்.

"சூளகிரி வரைக்கும்தான் சார் நேரம். முடிக்க முடியாத கதையை என்னாத்துக்கு ஆரம்பிக்கறீங்க?" என்று பாய் கேட்டார்.

"முடிவைக் கேட்டுத்தான் இவ்வளவும் ஆச்சு பாய். இது ஆரம்பத்தோட நிக்கட்டும்."

உலக யுத்த காலத்துக் கதை. லண்டன் மேல் குண்டு விழும் என்று பிள்ளைகளை எல்லாம் ரயிலேற்றிக் கிராமங்களுக்கு அனுப்புகிறார்கள். கழுத்தில் பெயர் எழுதிய அட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு சிறுமி தெரியாத ஊரில் இறங்குகிறாள். சர்ச் மண்டபத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் வந்து ஆளுக்கு ஒன்றாகப் பார்த்துப் பார்த்துக் கூட்டிப் போகிறார்கள். வரிசை குறைந்துகொண்டே வருகிறது. கடைசியில் அந்தச் சிறுமி மட்டும் நிற்கிறாள். விளக்கை அணைக்க ஆள் வந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ செருப்பைத் தட்டுகிற சத்தம் கேட்கிறது.

சூளகிரி வந்துவிட்டது. சார் புத்தகத்தை மூடிக் குடத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். பஸ் நிற்கவில்லை. ஸ்டாப்பையும் பஜாரையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. "டிரைவர், என் ஸ்டாப்பு!" என்றார் சார். டிரைவர் திரும்பாமல், "ஏமயிந்தோ செப்பண்டி சார், தர்வாத்த திகுதுரு" என்றார். என்ன ஆச்சு என்று சொல்லுங்கள், பிறகு இறங்கலாம் என்று. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வருடம் ஒரு வார்த்தை கேட்காத மனிதர். சார் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே வந்தார். பிறகு குடத்தோடு முன்னால் போய் டிரைவர் பக்கத்து எஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்தார். எஞ்சின் இரைச்சலில் அவர் பேசியது பின்னால் எட்டவில்லை.

கிருஷ்ணகிரியில் எங்களை இறக்கிவிட்டுவிட்டு டிரைவர் காலி பஸ்ஸைத் திருப்பினார். கம்பெனி சட்டப்படி அது குற்றம். சாரை வைத்துக்கொண்டு பஸ் மறுபடி சூளகிரிப் பக்கம் போவதை நாங்கள் ரோட்டோரம் நின்று பார்த்தோம். பாய் கையை உயர்த்தினார், அவர்கள் கவனிக்கவில்லை.

சார் மகளோடு சேலத்துக்குப் போய், அங்கேயே சில வருடங்களுக்கு முன் காலமானார். ஜெர்மன் மெஷின்களையும் கழற்றி எங்கேயோ விற்றுவிட்டார்கள். கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கார் ஷோரூம். டிரைவர் வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போன சீசனில் கிருஷ்ணகிரி மண்டியில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. அந்தக் கதையில் வாசலுக்கு வந்தது யார் என்று, பார்க்கிற ஒவ்வொரு முறையும் போலவே கேட்டேன்.

"சாரு சொன்னாத்தாம்மா அது கதை. நான் சொன்னா நல்லா இருக்காது" என்றார். மாங்காய்க் கூடையை வண்டியில் ஏற்றிவிட்டு, நான் இன்னும் நிற்பதைப் பார்த்துப் பக்கத்தில் வந்தார்.

"அந்தப் பாப்பா நல்லா இருக்குதும்மா. நீ கவலைப்படாத."