பொத்தான் மேலேயே இருக்கும்

பத்து நாள். இணையத்தில் வாங்கிய பொருள் கைக்கு வந்தபின் பத்து நாளுக்குள் மனம் மாறினால், காரணம் சொல்லாமல் திருப்பிக் கொடுக்கலாம் என்கிறது அர்ஜென்டினாவின் சட்டம். நீல்தா சப்பாதினி மனம் மாற அதைவிட அதிகக் காலம் எடுத்துக்கொள்பவள். கணவனைத் திருப்பி அனுப்ப அவளுக்குப் பத்தொன்பது வருடம் ஆனது. ஆனால் மாறிவிட்டால் மாறியதுதான். அப்புறம் யார் வந்து கெஞ்சினாலும், மிரட்டினாலும், கதவு திறக்காது.

வயது அறுபத்தொன்று. பரானா நகரத்தில், ஆற்றை நோக்கி இறங்கும் தெருவில், மாத்தே என்ற இலைத்தேநீர் குடிக்கிற சுரைக்குடுக்கைகள் விற்கிறாள். தோல் உறை தைத்தவை, உலோக விளிம்பு போட்டவை, எதுவும் போடாத மொட்டைக் குடுக்கைகள். பெருந்தொற்றில் கடை அடைந்து கிடந்தபோது மருமகன் ஈவோ அவளுக்கு ஒரு இணையதளம் செய்து கொடுத்தான். அந்தத் தெருவில் பதினேழு கடைகளுக்கு அவன்தான் தளம் செய்தவன். பக்கத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் எறும்பு வரிசைபோல மூன்று சொற்றொடர்கள் இருந்தன: பயன்பாட்டு விதிகள், தனியுரிமை, பொருள் திருப்புதல். நீல்தா ஒருநாளும் அவற்றைத் தொட்டதில்லை. வேறு யாரும் தொட்டதாகவும் தெரியவில்லை. போன அக்டோபரில் மரிசேல் வந்து சேரும்வரை.

மரிசேல் ஆற்றின் அடியில் போகும் சுரங்கப்பாதை வழியாக சான்டா ஃபேயிலிருந்து பேருந்தில் வந்தாள். பள்ளிக்கூடத்தில் இசை சொல்லித் தருபவள். பையிலிருந்து ஒரு குடுக்கையை எடுத்து மேசையில் வைத்தாள். வாயிலிருந்து அடிவரை விரிசல்.

"கொதிக்கக் கொதிக்கத் தண்ணிய ஊத்தியிருக்கீங்க," என்றாள் நீல்தா, தொட்டுக்கூடப் பார்க்காமல்.

"ஊத்தினேன். அதுக்கென்ன? உங்க பக்கத்துல அப்படி ஊத்தக் கூடாதுன்னு போட்டிருக்கா?"

"குடுக்கையைப் பழக்கணும்னு குழந்தைக்குக்கூடத் தெரியும்மா. குடிச்சு முடிச்ச இலையை உள்ளே போட்டு, வெதுவெதுப்பான தண்ணி விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, சுரண்டி..."

"எங்க வீட்ல எல்லாரும் கண்ணாடிக் குவளையில குடிக்கிறவங்க. எனக்கு யாரு சொல்லித் தந்தா? சரி, இதைப் படிங்க." மரிசேல் கைபேசியை நீட்டினாள். "உங்க விதிதான். பதினாலு நாளுக்குள்ள திருப்பலாம். உடுத்தியிருக்கக் கூடாது, துவைச்சிருக்கக் கூடாது, கழுத்துப்பட்டை கிழிஞ்சிருக்கக் கூடாது. நான் இதை உடுத்தவும் இல்ல, துவைக்கவும் இல்ல."

நீல்தா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அப்புறம் கீழே பாருங்க. சண்டைன்னு வந்தா பார்சலோனா நீதிமன்றத்துக்கு வரணுமாம். நான் பேருந்துக்கே சில்லறை தேடி வந்தவ. கடல் தாண்டி எப்படி வர்றது? கடைசியா ஒண்ணு. மனசு மாறினா திருப்பறதுக்குத் தொடுற பொத்தான், எல்லாத் தளத்துலயும் முதல் பக்கத்திலேயே கண்ணுல படுற மாதிரி இருக்கணும்கிறது சட்டம். எங்கே வெச்சிருக்கீங்க? மத்தியானத் தூக்கத்தை விட்டுட்டுத் தேடினேன்."

நீல்தா நின்றபடியே மொத்தத்தையும் படித்தாள். கடை அவளுடையது, பெயர் அவளுடையது, அதன் கீழே இருந்த ஒரு வாக்கியம்கூட அவளுடையது அல்ல. சட்டைகளும் காற்சட்டைகளும் விற்கிற ஏதோ ஒரு கடை அவள் குரலில் பேசிக்கொண்டிருந்தது.

பணப்பெட்டியைத் திறந்து முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தாள். "இந்த விதி என் வாசல்ல தொங்குது. நான் எழுதலைங்கிறதுக்காக நீங்க ஏன் நஷ்டப்படணும்? ஆனா ஒண்ணு, தப்பு உங்க மேலதான். உட்காருங்க, எப்படிப் பழக்கறதுன்னு காட்டறேன்."

மரிசேல் ஒரு மணிநேரம் உட்கார்ந்தாள். போகும்போது வேறொரு குடுக்கை வாங்கிக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் இறைச்சி வைத்துச் சுட்ட எம்பனாடா வாங்கி வந்த ஈவோவுக்கு உட்காரக்கூட நேரம் கிடைக்கவில்லை.

"பார்சலோனாவுல எனக்குக் கடை இருக்கா மாப்ள? சொல்லவே இல்லையே."

அவன் முகம் சிவந்தது. "அது... நல்லா எழுதியிருந்த ஒரு துணிக்கடை அத்தை. பேரை மட்டும் மாத்தினேன். தெருவுல எல்லாருக்கும் அதேதான் போட்டிருக்கு. யாரு படிக்கிறா?"

"சான்டா ஃபேல ஒருத்தி படிக்கிறா. இனிமே நானும் படிப்பேன்."

பிரிகிதா என்ற வழக்கறிஞரிடம் போனாள். தளத்துக்காகத் தானே எழுதிய ஒரு பக்க விதிகளை முன்னால் வைத்தாள். பிரிகிதா சிரித்துக்கொண்டே படித்தாள். நடுவில் பேனாவை எடுத்தாள்.

"'பழக்கின குடுக்கையை எக்காரணம் கொண்டும் திரும்ப வாங்க மாட்டேன்'. இது செல்லாது நீல்தா. குறையுள்ள குடுக்கையை நீங்க அனுப்பியிருந்தா, அவங்க பழக்கியிருந்தாலும் நீங்கதான் பொறுப்பு."

"என் குடுக்கையில குறையா?"

"உங்க குடுக்கையிலயும்தான். குறை இல்லாம, மனசு மாறினதுக்காக மட்டும் திருப்புறாங்கன்னா, பழக்கினதை மறுக்கறதுக்கு உங்களுக்கு நியாயம் இருக்கு. ஆனா அதை வாங்கறதுக்கு முன்னாடியே, பெருசா, விலைக்குப் பக்கத்துல சொல்லியிருக்கணும். திருப்புற செலவும் உங்களுது."

நீல்தா முணுமுணுத்தாள், ஆனால் திருத்தினாள். தனியுரிமைப் பகுதி வந்தபோது ஈவோவைக் கூப்பிட்டு, பொருள் வாங்குபவர்களிடமிருந்து தளம் என்னென்ன எடுத்து வைக்கிறது என்று கேட்டாள். எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார்கள், அடுத்து எங்கே போனார்கள் என்பதுவரை விளம்பரத்துக்காகச் சேர்ப்பதாக அவன் சொன்னான்.

"கடைக்கு வர்றவங்க பின்னாடியே அவங்க வீடு வரைக்கும் நடந்து போவேனா நான்? எடுத்துடு அதை."

அவள் தளத்தில் இப்போது இருப்பது இதுதான்: "உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் பெட்டி வந்து சேர்வதற்காக வைத்திருக்கிறேன். அழிக்கச் சொன்னால் அழிப்பேன். யாருக்கும் விற்க மாட்டேன். குடுக்கை மண்ணில் விளைந்தது. படத்தில் பார்த்ததைப் போலவே இன்னொன்று விளையாது. வழக்கென்றால் உங்கள் ஊரிலேயே வையுங்கள், நான் வருகிறேன்." அதன் கீழே அவள் முழுப்பெயர், வரி எண், கடை முகவரி, நுகர்வோர் அலுவலகத்தில் புகார் செய்வதற்கான இணைப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் பக்கத்தின் உச்சியில், தக்காளிச் சிவப்பில் பொத்தான்: "மனசு மாறிடுச்சா? இங்கே தொடுங்க."

"இவ்வளவு பெருசா வேண்டாம் அத்தை," என்றான் ஈவோ. "கண்ணுல பட்டா போதும்னுதான் சட்டம். கண்ணைக் குத்தணும்னு இல்ல."

"குத்தட்டும்."

குத்தியது. முதலில் பக்கத்துக் கடைகளைத்தான். "குடுக்கைக்கார அம்மா தளத்துல இருக்கே, உங்க பொத்தான் எங்கே?" என்று வாடிக்கையாளர்கள் மெத்தைக் கடையைக் கேட்டார்கள், விளக்குக் கடையைக் கேட்டார்கள். கடைக்காரர்கள் ஈவோவைப் பிடித்தார்கள். வணிகர் சங்கத் தலைவர் எவாரிஸ்தோ மட்டும் நேராக நீல்தாவிடம் வந்தார். தெருமுனையில் செருப்புக்கடை வைத்திருப்பவர். கையில் எந்நேரமும் மாத்தேயும் வெந்நீர்க் குடுவையும் இருக்கும். தெருவில் அவர் ஒருவர்தான் மாத்தேயில் ஆரஞ்சுத் தோல் போட்டுக் குடிப்பார்.

"தோன்யா நீல்தா," என்று மரியாதை அடைமொழியோடு தொடங்கினார். "டிசம்பர் கூட்டு விற்பனைக்கு எல்லாக் கடையும் ஒரே பக்கத்துல வரப்போகுது. உங்க பொத்தானைக் கொஞ்சம் கீழே இறக்கிடுங்க. எல்லாரையும் போல."

"எல்லாரும் ஒளிச்சு வெச்சிருக்காங்க."

"ஒளிக்கல. அடக்கமா வெச்சிருக்கோம்."

"அடக்கமா? நான் துணி துவைக்கிற இயந்திரம் வாங்கி, அதைத் திருப்ப அந்த அடக்கத்தைத் தேடிக் கண்ணு போனவ."

"திருப்புங்க, திருப்புங்கன்னு நாமளே கூப்பிட்டா எவன் திருப்பாம இருப்பான்? உங்க வருஷ வியாபாரத்துல பாதி அந்த ஒரு வாரம். யோசிங்க. இறக்கலேன்னா பட்டியல்ல உங்க கடை இருக்காது."

"இறக்க மாட்டேன். யோசிச்சாச்சு."

அவர் போன பிறகு ஈவோ தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "பதினாறு பேரு என்னைத் திட்டறாங்க அத்தை. என் பொழைப்புல மண்ணைப் போடறீங்க."

"பதினாறு பேருக்கும் சரியா மாத்திக் குடு. பொழைப்பு ரெட்டிப்பாகும்."

எவாரிஸ்தோ சும்மா இருக்கவில்லை. சொன்னதை நிரூபிக்க அவரே அவள் தளத்தில் மூன்று குடுக்கைகள் வாங்கினார். ஒன்பதாம் நாள் சிவப்புப் பொத்தானைத் தொட்டார். அந்தச் செய்தியைத் தெரு முழுக்கப் பரப்பவும் செய்தார்.

நீல்தா ஆளனுப்பவில்லை. சனிக்கிழமை காலை, செருப்புக்கடையில் நிற்க இடமில்லாத நேரத்தில், தானே போனாள்.

"வணக்கம் தலைவரே. மனசு மாறிட்டீங்களாம், எடுத்துட்டுப் போக வந்தேன். செலவு என்னுது."

எவாரிஸ்தோ சிரித்தபடி மூன்றையும் மேசைமேல் வைத்தார். "பார்த்தீங்களா, எவ்வளவு சுலபம்? இப்படி ஊரே திருப்பினா என்ன ஆவீங்க?"

"திருப்பறதுக்குத்தானே பொத்தான்." முதல் குடுக்கையை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே விரல் விட்டாள். சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். செருப்பு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள்.

பக்கத்தில் இருந்த பெண்ணிடம் நீட்டினாள். "நீங்க மோந்து பாருங்கம்மா."

அந்தப் பெண் முகர்ந்தாள். "ஆரஞ்சு," என்றாள்.

கடையே சிரித்தது. எவாரிஸ்தோவின் காது மடல்கள் நீல்தாவின் பொத்தான் நிறத்துக்கு வந்தன. "சும்மா ஒரு தடவை... எப்படி இருக்குன்னு பார்க்க..."

"ஒரு தடவை இல்ல, பழக்கியே இருக்கீங்க. நல்லாவும் பழக்கியிருக்கீங்க." இரண்டு குடுக்கைகளைப் பையில் போட்டுக்கொண்டு, அவற்றின் விலையை அங்கேயே அவர் கையில் கொடுத்தாள். மூன்றாவதை அவர் பக்கமாகத் தள்ளினாள். "இது உங்களுது. விலைக்குப் பக்கத்துலயே பெருசா எழுதியிருக்கேன். விரிசல் விட்டா மட்டும் கொண்டு வாங்க, மாத்தித் தர்றேன்."

சிரித்தவர்கள் வாடிக்கையாளர்கள். ஓட்டுப் போடுகிறவர்கள் கடைக்காரர்கள். செவ்வாய்க்கிழமை சங்கக் கூட்டத்தில், பொத்தானை இறக்காமலே அவளைச் சேர்க்கலாமா என்று கைதூக்கச் சொன்னபோது நீல்தாவுக்காகத் தூக்கிய கைகள் இரண்டு: விளக்குக் கடை, பூக்கடை. அவளுடையதையும் சேர்த்தால் மூன்று.

"கடைசியா கேட்கிறேன் தோன்யா நீல்தா," என்றார் எவாரிஸ்தோ. குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "ஒரே ஒரு வாரம். கொஞ்சம் கீழே."

"பத்தொன்பது வருஷம் ஒருத்தனுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக் கீழே இறங்கினேன். இனிமே இறங்கறதா இல்ல." நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். "எழுதிக்கோங்க, குடுக்கைக் கடை வரல."

கூட்டு விற்பனை வரும் திங்கட்கிழமை தொடங்குகிறது, பதினாறு கடைகளோடு. அதே காலையில் நீல்தாவின் தளம் தனியாகத் திறந்திருக்கும், பொத்தான் மேலேயே இருக்கும். புதன்கிழமை விளக்குக் கடையின் பழைய விதிகளை எடுத்துவிட்டுப் புதிதாக எழுத ஈவோ ஒப்புக்கொண்டிருக்கிறான்.